தஞ்சையைக் காரில் சுற்றிக்காட்டும் ஒருநாள் பேக்கேஜ்: வண்டி எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

தஞ்சாவூரில் டிராவல்ஸ்காரர்களும் லாட்ஜ் வரவேற்பறைகளும் விற்கிற ஒருநாள் கார் பேக்கேஜ் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். காலை எட்டு மணிக்கு வண்டி வாசலில் நிற்கும். பெரிய கோயில், அரண்மனை, அங்கிருந்து கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். இரவு ஏழெட்டு மணிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். சோழர், நாயக்கர், மராத்தியர் என்று மூன்று அரச மரபுகள், இரண்டு தலைநகரங்கள், பன்னிரண்டு மணி நேரம்.

இதை அப்படியே வாங்க வேண்டாம். வண்டிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பொறுமையான ஓட்டுநர்களும் கிடைக்கிறார்கள். குறை வரிசையில் இருக்கிறது. வண்டியே தேவைப்படாத தஞ்சை நகரத்துக்குள் காலை நேரத்தைக் கரைத்துவிட்டு, வண்டி இல்லாமல் போய்வருவது சிரமமான கங்கைகொண்ட சோழபுரத்தில் நடை சாத்திய பிறகு கொண்டுபோய் இறக்குகிறார்கள். இரண்டு நாளாகப் பிரித்து, முதல் நாளைக் காலாலும் ஆட்டோவாலும், இரண்டாம் நாளை மட்டும் காரிலும் பார்த்தால் செலவு பெரிதாக ஏறாது. பார்ப்பது இரட்டிப்பாகும்.

முதலில் நகரம். பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குக் காரை எடுத்து, ராஜவீதிகளின் நெரிசலில் ஊர்ந்து, அரண்மனை வாசலில் இடம் தேடி, திரும்ப வரும்போது ஓட்டுநரைப் போனில் தேடுவதற்குள் அரை மணி போய்விடும். கீழராஜவீதியில் ஆட்டோ இரண்டு நிமிடம் நின்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை, கார் நின்றால் பின்னால் ஹாரன் சத்தம் தொடங்கிவிடும். அதனால் ஆட்டோவே போதும்.

பெரிய கோயிலுக்குக் காலை ஆறு, ஆறரைக்குள் போய்விட வேண்டும். கோயில் கிழக்கு நோக்கியது. முதல் வெயில் கருவறைக்கு மேலே எழும் விமானத்தின் முகத்தில் விழும், கல் தேன் நிறத்துக்கு வரும். அதைவிட முக்கியம், பாதம். உள்ளே முழுக்கக் கருங்கல்லும் செங்கல்லும் பாவிய தளம். பத்தரைக்கு மேல் வெறுங்காலோடு நிதானமாக நிற்க முடியாது, நிழல் நிழலாகத் தாவி ஓட வேண்டியிருக்கும். எட்டு மணிக்கு வண்டி ஏறி எட்டரைக்கு வந்து சேரும் பேக்கேஜ் பயணி, செருப்புக்கு டோக்கன் வாங்கி, தரிசன வரிசையில் நின்று வெளியே வரும்போது சரியாக அந்தச் சூட்டில்தான் மாட்டுகிறார். பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறக்கும். பிரதோஷ நாளாக இருந்தால் மாலை நாலரை முதல் ஆறு வரை நந்தி மண்டபத்தைச் சுற்றிக் காலெடுத்து வைக்க இடம் இருக்காது. கும்பிட வருபவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. சிற்பம் பார்க்க வருபவர்கள் வேறு நேரம் பார்த்துக்கொள்வது நல்லது. ஐப்பசிச் சதயத்தில், ராஜராஜனின் பிறந்த விழாவின்போது, ஊரில் அறையே கிடைக்காது.

பலரும் ஓடிக் கடக்கிற இடம் இரண்டாவது வாசலான ராஜராஜன் திருவாயில். முதல் வாசல் கேரளாந்தகன், ஐந்து நிலை. ராஜராஜன் திருவாயில் மூன்று நிலைதான், ஆனால் அதன் அடிப்பகுதியில் கண்ணப்பர், மார்க்கண்டேயர் கதைகளைச் சிறு சிறு பலகைகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். முட்டி உயரத்தில் இருப்பதால் குனிந்து பார்க்க வேண்டும். காலைச் சாய்வெயிலில்தான் அந்தச் செதுக்கு எழுந்து தெரியும். உச்சி வெயிலில் வெறும் மேடு பள்ளமாகிவிடும்.

அடுத்து, விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தில் வடபுறம். ராஜராஜன் பேசுகிற அந்த வரி அங்கேதான்: "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்ன ஆணை. அரசன் பெயரோடு அக்கன் குந்தவை பெயரும், பெண்டுகள் பெயரும், கொடுத்தவர் எல்லார் பெயரும் ஒரே கல்லில் நிற்கின்றன. வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சுமார் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்களும், யாருக்கு எந்தத் தெருவில் எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்ற விவரமும் இதே கோயில் கல்வெட்டில் உண்டு. இந்த ஊரைத் தலைநகரம் என்று உணரவைப்பது கோபுர உயரத்தைவிட இந்த வீட்டுக்கணக்குதான்.

வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லது. அரசு அடையாள அட்டை உள்ளவராகப் பார்த்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை என்று முன்பே பேசிவிட வேண்டும். ஓட்டுநரையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் இரண்டு பழைய கதைகளைக் கட்டாயம் கேட்பீர்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒன்று. விழும். காலையிலும் மாலையிலும் யாரும் பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பது இன்னொன்று. அது பல துண்டுகளைச் சேர்த்து அமைத்தது. ஏறக்குறைய 216 அடி உயரத்துக்குக் கல்மேல் கல்லாக அடுக்கி, ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், 1010-இல், செம்புக் கலசத்தைக் கொடுத்து முடித்தார்கள் என்பது கல்வெட்டு சொல்லும் செய்தி. இதற்கு மேல் ஒரு கதையும் தேவையில்லை. பெரிய நந்தியும் ராஜராஜன் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. கருவறையைச் சுற்றிய உள் அறைகளில் 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் போய்ப் பார்க்க முடியாது. "தெரிந்த ஆள் இருக்கிறார், காட்டச் சொல்கிறேன்" என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

கோயிலை ஒட்டியே சிவகங்கைக் குளம். அதன் பக்கத்தில் 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம். உள்ளே ஒரு வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம்: மரணப்படுக்கையில் பாதிரியார் சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி அவருடைய மாணவரான மராத்திய இளவரசர் சரபோஜி. ஆங்கிலேயச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. பத்து நிமிட நடை. கார் பேக்கேஜ் எதிலும் இது இல்லை. அரண்மனைக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால், அங்கே தர்பார் மண்டபத்தில் அதே பிளாக்ஸ்மன் செய்த ஆளுயரச் சரபோஜி சிலை வேறு மாதிரி தெரியும்: இங்கே படுக்கையருகே கை பிடித்து நிற்கிற மாணவன், அங்கே கைகூப்பி நிற்கிற மன்னன்.

அரண்மனை பற்றி ஒரு நேர்மையான எச்சரிக்கை. மைசூரைப் பார்த்துவிட்டு அதே பளபளப்பை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். நாயக்கர் தொடங்கி, 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆண்டு, காலத்துக்குக் காலம் ஒட்டுப்போட்டு வளர்ந்த கட்டடத் தொகுதி இது. சில பகுதிகள் பழுது பார்த்தவை, சில பகுதிகள் பூட்டிக் கிடப்பவை. நுழைவு, கலைக்கூடம், அருங்காட்சியகம் என்று தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும், கேமராவுக்கு வேறு. சில்லறையாகக் கொண்டு போங்கள். ஒரே சீட்டில் எல்லாம் அடங்கும் என்று பேக்கேஜில் சொல்லியிருந்தால் எந்தச் சீட்டு என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் வாசல் சீட்டைத்தான் சொல்வார்கள். கலைக்கூடம் இல்லாமல் அரண்மனைக்குப் போவதில் அர்த்தம் இல்லை.

கலைக்கூடத்தில் ஒரே ஒரு சிலை முன்னால் கால் மணி நேரம் நிற்கலாம்: திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர், அதாவது காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவன், 1011-ஐச் சேர்ந்த செம்புத் திருமேனி. காளை இல்லை. காளையின் மேல் சாய்ந்திருந்த கை மட்டும் காற்றில் அப்படியே தளர்ந்து நிற்கிறது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் மாற்றி, உடல் முழுவதும் அந்தக் கைப்பக்கமாக இளகியிருக்கிறது. முன்னால் நின்று பார்த்துவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டில் போய், சடைமுடியைத் தலைப்பாகைபோல் சுற்றியிருப்பதையும், அதில் பாம்பு நெளிந்து கிடப்பதையும் பாருங்கள். இல்லாத காளையின் உயரத்தைக்கூட அந்த முழங்கை சொல்லிவிடுகிறது. ஒருநாள் பேக்கேஜில் அரண்மனைக்கு ஒதுக்குவது மொத்தமே நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். அதில் இந்தக் கூடத்துக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது.

அரண்மனை வளாகத்திலேயே இருக்கும் சரஸ்வதி மகால் நூலகம் பத்து மணிக்குத் திறக்கும், மதியம் ஒரு மணிக்குச் சிறு இடைவேளை, புதன்கிழமை விடுமுறை. புதன்கிழமை தஞ்சை நகரத்தைச் சுற்ற வண்டி பதிவு செய்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. பொதுமக்கள் பார்ப்பது நூலகத்தின் சிறிய காட்சிக்கூடத்தை மட்டுமே, சுவடி அறைகளை அல்ல. சிறியதானாலும் விடக்கூடாது. இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளுக்குச் செய்வித்த சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் ஓவியத்தோடு எழுதி வைத்தவை, இந்த நூலகத்தின் செல்வம். காட்சிக்கு வைத்திருந்தால் நின்று பார்க்க வேண்டும்.

நேரம் மிஞ்சினால் ஆட்டோவில் கீழவாசல் பீரங்கி மேடு. ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கி, ஏழரை மீட்டர் அளவு நீளம். வார்த்தது அல்ல, நீள இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, மேலே இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஒன்றையடுத்து ஒன்றாக அடித்துப் பொருத்தியது. பீப்பாய் கட்டுகிற அதே முறை. பக்கத்தில் போனால் வளையங்களின் விளிம்பு வரிவரியாகத் தெரியும். சந்து குறுகல், காரை அங்கே திருப்புவது சிரமம்.

இனி இரண்டாம் நாள். இதற்குக் கார்தான் வேண்டும். வாடகை பேசுவதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது என்பதால் கணக்கை முதலில் பார்ப்போம். தஞ்சையிலிருந்து கும்பகோணம் 40 கி.மீ., அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் 35. போக வர 150. மாளிகைமேடு, தாராசுரம், பழையாறை என்று ஒதுங்கும் வழிகளுக்கு 25 சேர்த்தால் 175 கி.மீ. வெளியூர்ப் பயணத்துக்கு டிராவல்ஸ்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் நாளொன்றுக்கான குறைந்தபட்சம் 250 கி.மீ. உதாரணத்துக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்தால் 3,500 ரூபாய். ஓடியதோ 2,450 ரூபாய்க்கு. ஓடாத 75 கிலோமீட்டருக்கு 1,050 ரூபாய் போகிறது. அதனால் இந்தச் சுற்றுக்கு "நாள் வாடகை, டீசல் நம்முடையது" என்று பேசுவது பெரும்பாலும் லாபம். லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் பத்து லிட்டருக்குள் முடிந்துவிடும். டேங்க் நிரப்பிய நிலையில் எடுத்து, நிரப்பிக் கொடுப்பது மட்டுமே சண்டையில்லாத முறை. முள் எங்கே நின்றது என்று கண்ணளவில் பேசினால் மாலையில் வாக்குவாதம்தான்.

இன்னொன்று, ஷெட் டு ஷெட். மீட்டர் உங்கள் வாசலில் அல்ல, வண்டி நிற்கும் கொட்டகையில் தொடங்கி அங்கேயே முடியும். திருச்சி வண்டியைத் தஞ்சைக்கு வரவழைத்தால் போக வர 115 கி.மீ. வரை கூடும், 175 என்பது 290 ஆகி, 250-ஐயும் தாண்டிவிடும். நேரமும் அங்கிருந்தே எண்ணப்படும். தஞ்சை அல்லது கும்பகோணம் வண்டியாகவே எடுங்கள். ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி என்றால் அதையும், இரவு எத்தனை மணிக்கு மேல் கூடுதல் பேட்டா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். கிளம்பும்போது ஓடோமீட்டரைப் போனில் ஒரு படம், முடிக்கும்போது ஒரு படம்.

வண்டி மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும். வெள்ளை போர்டு சொந்த வண்டியை நூறு இருநூறு குறைத்து வாடகைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அது சட்டப்படி தவறு என்பதோடு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகும். காரைக்கால் பதிவு வண்டி என்றால் தமிழ்நாட்டுக்கான பர்மிட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாலு பேர் வரை டிசையர் போன்ற செடான் போதும், வழியில் மேடு பள்ளம் அவ்வளவு இல்லை. பெரியவர்கள் இருந்தால் எர்டிகா. இறங்கி ஏறுவது பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும், தாழ்ந்த இருக்கையில் முழங்கால் படுத்தும்.

வரிசையைத் தலைகீழாக்குங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வழியில் எங்கேயும் கோயிலுக்கு நிற்காமல் நேராகக் கங்கைகொண்ட சோழபுரம். எட்டு மணிக்கெல்லாம் புல்வெளியில் நிற்கலாம். ஓட்டுநர் ஒப்பமாட்டார், தாராசுரம் வழியில்தானே இருக்கிறது என்பார். அங்கே நின்றால் கும்பகோணத்தில் டிபன், பிறகு ஒரு பட்டுக்கடை, ஒரு விக்கிரகப் பட்டறை என்று நீண்டு, சோழபுரத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் போய்ச் சேர்வீர்கள். சன்னதி சாத்தியிருக்கும், கல் கொதிக்கும். கடைகளில் நிறுத்தக் கூடாது என்பதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். கமிஷன் வருகிற நிறுத்தங்கள் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை விழுங்கும்.

ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் இங்கே எழுப்பிய விமானம் அப்பன் விமானத்தைவிடக் குட்டை, ஏறக்குறைய 180 அடி. தஞ்சை விமானம் நேர்கோட்டில் நிமிர்ந்து ஏறுகிறது, இது நடுவில் உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. முதல் நாள் தஞ்சையைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை இதைப் பார்த்தால்தான் அந்த வளைவு கண்ணில் படும். ஒரே நாளில் வெயிலில் அலைந்து இரண்டையும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகும். வடக்கு வாசல் படியருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி: சிவன் குனிந்து, கைகூப்பி அமர்ந்த சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார், பக்கத்தில் உமை. சண்டேசராக ராஜேந்திரனையே காண்பவர்கள் உண்டு. சிவனின் விரல்கள் மாலையைப் பிடித்திருக்கிற மென்மையைப் பாருங்கள், தலைக்குக் காயம் படாமல் குழந்தைக்குப் பூச்சூட்டுவது போல. ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்தன்று இங்கே வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள்; அன்று அன்னாபிஷேகத்துக்காக மட்டும் வாருங்கள்.

கோயிலிலிருந்து இரண்டு கி.மீ. தொலைவில் மாளிகைமேடு. சோழர் அரண்மனையில் நம் கண்ணுக்கு எஞ்சியது இதுதான்: அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்கள், மேலே கூரை. பேக்கேஜ்களில் பெயரே இருக்காது, ஓட்டுநர்கள் பலருக்கு வழி தெரியாது. மேப்பில் வெறுமே மாளிகைமேடு என்று போட்டால் வேறு ஊருக்கு இழுத்துவிடலாம். உட்கோட்டை பக்கம் என்று சேர்த்துத் தேடுங்கள். பார்க்க அதிகம் இல்லை, இருபது நிமிடம் போதும். ஆனால் இந்த ஊரைத் தலைநகராக வைத்துச் சுமார் 250 ஆண்டுகள் ஆண்ட அரசகுலத்தின் வீடு முழங்கால் உயரச் செங்கல் வரிசையாகக் கிடப்பதைப் பார்க்காமல் திரும்பினால் இந்தப் பயணம் அரைகுறை.

திரும்பும் வழியில் அணைக்கரை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைத்தான் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அதனால் பழைய பாலத்தின் பக்கம் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பாலம் ஒடுங்கியது, எதிர் வண்டிக்கு நின்று வழிவிட வேண்டியிருக்கும். பேருந்து அளவு வண்டியில் குழுவாக வருபவர்கள் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெயங்கொண்டம், அரியலூர், திருவையாறு வழியாகத் திரும்பலாம் என்று சில ஓட்டுநர்கள் சொல்வார்கள். சிமெண்ட் ஆலை லாரிகள் ஓடும் தடம். இருட்டிய பிறகு அந்த வழி வேண்டாம், தாராசுரமும் தவறிப்போகும்.

பன்னிரண்டு முதல் மூன்றரை வரை கும்பகோணத்தில் சாப்பாடு, ஓய்வு. ஓட்டுநருக்கும் ஒரு மணி நேரம் கண்ணயர விடுங்கள். ஆறு மணிக்குக் கிளம்பியவர் மாலையில் ஓட்ட வேண்டும். மூன்றரைக்குத் தாராசுரம். இரண்டாம் ராஜராஜனின் கோயில். தேர்ச்சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபத்தோடு நிறுத்திவிடாமல், அடிச்சுவரில் சாண் உயரப் பலகைகளில் ஓடும் நாயன்மார் கதைகளை வரிசையாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் தாழ்ந்த முற்றத்தில் தண்ணீர் தேங்கும், வேட்டியை மடித்துக் கட்டித்தான் சுற்ற வேண்டும். தஞ்சைக்கு நான்கு வழிச்சாலையில் ஏறச் சொன்னால் வண்டி தாராசுரம் பக்கமே வராது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, ஐந்து மணிக்கு, பட்டீஸ்வரத்தை ஒட்டிய பழையாறைப் பகுதி. சோழர்களின் இன்னொரு இருப்பிடம், குந்தவை வாழ்ந்த ஊர். சோழன் மாளிகை என்று ஒரு சிற்றூர் பெயரளவில் இன்றும் இருக்கிறது. அரண்மனைச் சுவர் எதுவும் இல்லை. இருப்பது பஞ்சவன்மாதேவி பள்ளிப்படை: ராஜேந்திரன் தன் சிற்றன்னையின் நினைவாக எழுப்பிய சிறு கோயில். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், சாவி வைத்திருப்பவரைக் காட்டுவார்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடங்கள், உள்ளே திருப்ப இடம் இல்லை. ஆறு மணிக்கு மேல் உள்ளே வெளிச்சம் போதாது. டார்ச் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.